முதலில் ஒரு ரூபாய்

கைப்பேசியில் பணம் கட்ட மக்கள் ஏன் பழகுகிறார்கள், பழகியபின் ஏன் விடுவதில்லை என்று கேட்டால் வசதி, வேகம், நம்பிக்கை என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் யாரும் நெய்வேலி பத்தொன்பதாம் பிளாக் தேவயானியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்: பயம்.

காய்கறிக் கடை புஷ்பவல்லிக்குப் பயந்துதான் பழகினார். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் போதும். "காலங்காத்தால சில்லறைக்கு நான் எங்க போறது யக்கா? ஊரே போன்ல போட்டுகினு இருக்குது, நீ நோட்ட ஆட்டிகினு நிக்கற!" கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்.

பழகியதும் பயம் போய்விடவில்லை, இடம் மாறிக்கொண்டது. பணம் வேறு யாருக்காவது போய்விட்டால்? ஆகவே தேவயானி முதலில் ஒரு ரூபாய் அனுப்புவார். "வந்துச்சா?" என்பார். வந்தது உறுதியானால்தான் மிச்சம். கால் கிலோ கத்தரிக்காய்க்கும் இதே சடங்குதான்.

போன வெள்ளிக்கிழமை முற்பகல், கையில் முருங்கைக்காயோடு கடையில் நின்றபோது போன் அடித்தது.

"ஜெயகணேஷ் சார் வீட்டம்மாங்களா? மைன்ஸ்லேர்ந்து பேசறேன். சார் கை பெல்ட்ல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். அட்மிஷனுக்கு இந்த நம்பருக்கு நாப்பதாயிரம் போடுங்க. லேட்டானா கையை எடுத்துருவாங்க."

கணவர் ஜெயகணேஷுக்கு அன்று காலை முதல் ஷிஃப்ட். வேலை நேரத்தில் அவர் போன் அணைந்துதான் கிடக்கும். இரவும் பகலும் சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து பெல்ட் ஓடுகிற ஊரில் குடித்தனம் நடத்தும் எந்தப் பெண்ணும் இந்த அழைப்பை மனதுக்குள் பலமுறை எடுத்துப் பேசியிருப்பாள். முருங்கைக்காய் தரையில் கிடந்தது. போன் வந்த நம்பரை அழுத்தினார். அந்தப் பதற்றத்திலும் விரல் பழக்கத்தை விடவில்லை; முதலில் ஒரு ரூபாய்தான் போனது.

"வந்துச்சுங்களா?"

"என்னம்மா, ஒரு ரூபா போட்டிருக்க? மனுஷன் ரத்தத்துல கிடக்கறான், விளையாடறியா?"

"இல்லீங்க, ஒண்ணு போட்டுப் பார்த்துட்டுத்தான்..."

"சீக்கிரம் போடும்மா! கவுண்டர்ல கத்தறாங்க!"

கவுண்டரிலா? ஜெயகணேஷ் சுரங்கக் கம்பெனியில் பர்மனெண்ட் தொழிலாளி. இரண்டு பிரசவம், ஒரு குடலிறக்க ஆபரேஷன் எல்லாமே கம்பெனி ஆஸ்பத்திரியில்தான். கவுண்டரில் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தை நீட்டியதோடு சரி, பணம் கட்டியதே இல்லை.

"எந்த ஆஸ்பத்திரிங்க?"

லைன் அறுந்தது.

"ஏமாத்துக்காரன் யக்கா, உடு" என்றார் புஷ்பவல்லி. "ஒத்த ரூபாயோட போச்சு."

ஆள் பொய்யன் என்பது தேவயானிக்கும் புரிந்தது. பொய்யன் கூப்பிட்டான் என்பதற்காகப் பெல்ட் ஓடாமல் நின்றுவிடுமா? கணவர் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கை இந்த நிமிடம் எங்கே இருக்கிறது? கூட வேலை செய்யும் அறிவழகனை அழைத்தார். அந்தப் போனும் அணைந்திருந்தது.

அன்று அடுப்பு எரியவில்லை. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் வெயிலில் போய் நின்றார். முதல் பஸ்ஸில் ஜெயகணேஷ் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பஸ்ஸிலிருந்து சாப்பாட்டுப் பையோடு இறங்கினார். தேவயானி பாய்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"என்னடி, நடுரோட்டுல ரேகை பாக்கற?"

நடந்ததைச் சொன்னதும் அவர் முகமும் வெளிறியது. "போதும் இந்தக் கருமம். நாளையிலேர்ந்து கையில நோட்டு வெச்சுக்க. போன்ல இருக்கற பணம் போடற ஆப்பை எடுத்துரு."

"எடுக்க மாட்டேங்க."

"இவ்வளவு ஆனப்புறமுமா?"

"நெஜமாவே ஒருநாள் போன் வந்து, உங்க வீட்டுக்காரரை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், உடனே கெளம்புங்கன்னா? ஏடிஎம் எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கவா?"

ஜெயகணேஷ் ஒருமுறை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மறுநாளும் அவருக்கு முதல் ஷிஃப்ட்தான்.