சிற்பி எஸ்தர் வரைந்த செங்கல் நிறத் துணி

மதியச் சாப்பாட்டு மணி அடித்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது முன்பு எங்களோடு வேலை செய்த தனம் அக்காவின் போன் வந்தது. பகலில் அவர் கூப்பிடுவது வழக்கமில்லை.

"வளரு, எஸ்தர் அம்மா போய்ட்டாங்க."

"யாருக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"அவங்க தங்கச்சி போன் பண்ணாங்க. காலைல காபி குடுக்கப் போனா எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிருக்காங்க. நாளைக்கி சாயந்தரம் ஜோலார்பேட்டைல அடக்கமாம்."

திறந்து வைத்திருந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், போன மாதம் எங்கள் தையல் லைனில் சேர்ந்தவள், "இன்னாக்கா ஆச்சி?" என்றாள். எஸ்தர் அம்மா இறந்துவிட்டார் என்றேன். "யாருக்கா அவங்க? சொந்தமா?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவள் போட்டிருந்த நீல ஓவர்கோட்டில் இருந்த அரைவட்டங்களும் சாய்கோடுகளும் முக்கோணங்களும் எஸ்தர் அம்மா வரைந்தவை. இன்றைக்கும் ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையில் எல்லாப் பெண்களும் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். வரைந்தவர் யாரென்று சொல்லிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எஸ்தர் ஜெயமணி அம்மா ஒரு சிற்பி. கோயில் சிலையோ தலைவர் சிலையோ செய்கிறவர் அல்லர். கனமான இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து நிற்க வைப்பார். வட்டமும் சதுரமும் கூம்பும்தான் இருக்கும். கண் மூக்கு இருக்காது. அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே ஃபிட்டர். சென்னையில் சிற்பம் படித்துவிட்டு ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தனியாக வேலை செய்துவந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அவர் செய்ததைப் பார்த்து "இது இன்னாது?" என்று கேட்டால், "இரும்பு" என்பார். அதற்கு மேல் கேட்டால், "சுத்தி வந்து பாருங்க. அப்பறமும் புடிக்கலன்னா டீ சாப்ட்டுப் போங்க" என்பார். அவருடைய சிற்பங்கள் டெல்லியிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றன என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது சின்ன முதலாளியால். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த அவருக்கு, ஷூ வாங்க வரும் வெள்ளைக்காரர்களின் கண்ணில் தொழிற்சாலை அழகாகப் பட வேண்டும் என்று ஆசை. பெண்களுக்கு ஒரே மாதிரி ஓவர்கோட், அதற்கென்று தனியாக ஒரு அச்சுத் துணி, அதைப் பெரிய கலைஞர் ஒருவர் வரைய வேண்டும் என்று எஸ்தர் அம்மாவை அழைத்துவந்தார். அதுவரை அவர் துணிக்கு வரைந்ததே இல்லை.

சில நாட்கள் வெட்டும் பிரிவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அச்சு வைத்து வெட்டியபின் ஓட்டை ஓட்டையாக மிஞ்சும் தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இன்னாம்மா, கழிவைப் போயி பாத்துனு இருக்கீங்க?" என்று என் பக்கத்து மிஷினில் தைக்கும் நுஸ்ரத் கேட்டாள். "வெட்டி எடுத்ததை நீங்க ஷூவா தைக்கறீங்க. விட்டுப்போனது எவ்ளோ அழகா இருக்குது பாரும்மா" என்றார். துணியில் வந்தது அந்த வடிவங்கள்தான்.

துணி ஈரோட்டுப் பக்கம் அச்சாகி வந்தபோது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. "ஒரு பூகூட இல்லியே?" என்றாள் ஒருத்தி. எஸ்தர் அம்மா சிரித்தார். "தலையில வெச்சினு வர்றீங்களே, அது பத்தாதா?" போட்டுப் பழகியபின் எங்களுக்கே பிடித்துவிட்டது. பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து தைக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் கோடுகள் ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு ஓடுவது போல இருக்கும்.

அந்த வடிவத்தை அவர் இரண்டு நிறத்தில் வரைந்து கொடுத்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று செங்கல் நிறம். "புடவைக் கடையில ஒரே கலரை எடுத்துப் போட்டா நீங்க வாங்குவீங்களா? எது புடிக்குதோ அதை எடுத்துக்கங்க" என்று எங்களிடம் சொன்னார். நான் மனதுக்குள் நீலத்தை எடுத்து வைத்திருந்தேன்.

கொடுக்கிற நாளில் ஆபீசிலிருந்து வந்தவர் பெயர் வாசித்தார். கம்பெனியின் நேரடி ஆட்களுக்கு நீலம். என்னைப் போல் காண்ட்ராக்டில் வந்தவர்களுக்குச் செங்கல் நிறம். நுஸ்ரத்துக்கு நீலம் கிடைத்தது. அவள் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். அன்று அதில் எங்களுக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு சமயம், வெட்டி வைத்த நல்ல தோல் துண்டுகள் சில காணாமல் போயின. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களைச் சோதித்து அனுப்பும்படி கேட்டில் உத்தரவு போட்டார்கள். யார் காண்ட்ராக்ட் என்று அடையாள அட்டையைப் பார்க்க வேண்டிய சிரமம் இல்லை, துணியே சொல்லிவிடும். சாயந்தரம் நீல ஓவர்கோட்கள் நேராகப் போய் பஸ்ஸில் ஏறும். செங்கல் நிறம் சுவரோரம் வரிசையில் நிற்கும். கேட்டில் காவலுக்கு இருந்த தனம் அக்கா ஒவ்வொருத்தியாக ஓவர்கோட்டின் பொத்தானைக் கழற்றச் சொல்லி, இடுப்பைத் தடவி, டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து அனுப்புவார். ரோடு முழுக்கப் பார்க்கும். டிரைவர்கள் பார்ப்பார்கள். எங்களுக்காகக் காத்திருக்கும் பஸ்ஸின் ஜன்னல்களில் நீலம் நீலமாகத் தோழிகள் இருப்பார்கள்.

என் ஊர் நாட்றம்பள்ளிப் பக்கம். எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆம்பூருக்கு வந்தவர், அந்த வரிசையில் என்னைப் பார்த்துவிட்டு ஊரில் என் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்: "உன் தங்கச்சி ஏதாச்சும் எடுத்துட்டாளா? நிக்க வெச்சி தடவினு இருந்தாங்களே." அண்ணன் அதை என்னிடம் சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. ஆனால் எடுத்தவள் எப்படிக் கூசுவாளோ அப்படித்தான் கூசினேன். அந்தத் துணியை வெயிலில் காயப்போடக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயவைத்தேன்.

இதெல்லாம் எஸ்தர் அம்மாவுக்குத் தெரியாது. தம் துணியைக் கூட்டத்தில் பார்க்க வேண்டும், இரண்டு நிறமும் கலந்து வெளியே வருவதைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரு சாயந்தரம் கேமராவோடு வந்து எதிர்ச்சாரியில் நின்றார். நான் சோதனை முடிந்து பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"வளரு, ஏன் அந்தப் பக்கம் ஒரே கலரா நிக்குது?"

சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னேன். அவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த பங்க் கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களைப் பிரிக்கறதுக்கு என் கையாலயே கோடு போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "வட்டம், முக்கோணம்னா யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லன்னு இத்தினி வருஷமா நெனச்சினு இருந்தேன் வளரு" என்றார். அவருக்குக் கண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் அடிபட்டதைப் போலச் சிவந்திருந்தது.

மறுநாளே சின்ன முதலாளியைப் போய்ப் பார்த்தார். அவர் மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறார். "மேடம், உங்க டிசைன் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்குது. செக்யூரிட்டிக்குக் குழப்பமே இல்ல" என்றாராம். நிறத்தைக் கலந்து கொடுங்கள், இல்லையென்றால் என் வரைபடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, "அது கம்பெனியோடதாச்சே மேடம்" என்று சிரித்திருக்கிறார். கம்பெனியின் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டும், அவசியம் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களுக்கு அதுவே வருத்தம். அவரும் அவர்களோடு போய்விட்டார் என்று நினைத்தோம்.

விழா பகலில், தொழிற்சாலை முற்றத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. வெள்ளைக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். எஸ்தர் அம்மா மேடை ஏறினார். வெள்ளைப் பருத்திப் புடவையின் மேல் செங்கல் நிற ஓவர்கோட் போட்டிருந்தார். தம்மிடம் மாதிரிக்கு இருந்த துணியில் தைத்துக்கொண்டது. சின்ன முதலாளிக்கு அது பெருமையாகப் பட்டது. மைக்கில் அதையே சொல்லிக் கைதட்ட வைத்தார். அம்மா பொன்னாடையை வாங்கி மடித்து நாற்காலியில் வைத்தார். பேச அழைத்தபோது "பேச ஒண்ணும் இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

விழா முடிந்து எல்லோரும் கிளம்பினோம். நீலம் பஸ்ஸுக்குப் போயிற்று. நாங்கள் சுவரோரம் வரிசை கட்டினோம். அவருக்குக் கார் தயாராக நின்றது. அவர் காரைக் கடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"அம்மா, நீங்க எதுக்கு இங்க?" என்றேன்.

"முன்ன பாத்து நில்லு."

என்னைச் சோதித்து அனுப்பிய தனம் அக்கா நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனார். "அம்மா, நீங்க கார்ல போங்கம்மா. உங்களுக்கு இதெல்லாம் இல்ல."

"இந்தக் கலர் போட்டா சோதிக்கணும்னுதான உத்தரவு?"

"ஆமாம்மா. ஆனா..."

"அப்ப சோதி. உன் வேலைய நீ செய்யி."

சொல்லிக்கொண்டே பொத்தான்களைத் தாமே கழற்றி இரண்டு கைகளையும் தூக்கினார். நரைத்த தலை, வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய கைகள். வெள்ளைக்காரர்களில் ஒருவர் நின்று பார்த்தார். தனம் அக்கா எஸ்தர் அம்மாவின் இடுப்பில் கை வைத்தார். "மன்னிச்சிக்கங்கம்மா" என்று முணுமுணுத்தார். சின்ன முதலாளி ஓடிவந்து, "மேடம், ப்ளீஸ், இன்னா இது? உங்களுக்கு எவ்ளோ அவமானம்!" என்றார்.

"எனக்கு இப்ப ஆகல தம்பி. அது நீ இந்தத் துணியப் பங்கு போட்டுக் குடுத்த அன்னிக்கே ஆயிப்போச்சி" என்றார் எஸ்தர் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அடுத்த கொஞ்ச நாளில் செங்கல் நிறத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் நீலம் கொடுத்தார்கள். சோதனையைத் திரை போட்ட ஒரு அறைக்குள் மாற்றினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சிலர் ராணிப்பேட்டைக்குப் போய் அவருக்குச் சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தோம். அவருக்குச் சந்தோஷம் இல்லை. "தடவறது நிக்கலியே? உள்ள வெச்சி தடவறாங்க. காண்ட்ராக்டும் காண்ட்ராக்டாதான் இருக்குது. நான் பாத்து வெக்கப்பட்டேன்னு எனக்குத் தெரியாம மறைச்சிட்டாங்க, அவ்ளோதான்" என்றார்.

இந்தப் பக்கத்து முதலாளிகள் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். ராணிப்பேட்டையில் ஒரு கட்டிட வாசலில் நிறுத்துவதாக இருந்த அவருடைய பெரிய சிற்பத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள். தகடுகள் கொட்டகைக்குள்ளேயே துருப்பிடித்தன. சென்னையில் ஒரு கண்காட்சி நடத்தியவர்கள் அந்தத் துணியைத் தொங்கவிடக் கேட்டபோது, கேட்டில் நடந்ததையும் பக்கத்தில் எழுதி வைத்தால் தருகிறேன் என்றார். அவர்களுக்கு அது சரிப்படவில்லை. அவர் தரவில்லை. அதன்பின் துணிக்கு அவர் வரையவே இல்லை. கண்பார்வை மங்கியதும் கொட்டகையைக் காலி செய்துவிட்டு ஜோலார்பேட்டையில் தங்கையோடு போய்த் தங்கிவிட்டார். நான் பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வேன். எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் சோதிக்கறாங்களா?" நான் இப்போது லைன் சூப்பர்வைசர். ஆமாம்மா என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு கூசும்.

அடக்கத்துக்கு நாங்கள் போனது வெகு சிலர். லீவு கேட்டால் சம்பளம் போகும் என்று பலர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? கல்லறைத் தோட்டத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த கலைச் சங்கத்துக்காரர் ஒருவர் அஞ்சலி வாசித்தார். "உழைக்கும் பெண்களின் வாழ்வுக்குத் தம் துணி ஓவியத்தால் வண்ணமும் கண்ணியமும் சேர்த்தவர்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. நுஸ்ரத் என் காதருகே, "நாங்க ஜன்னல் வழியா பாத்துனேதான இருந்தோம் வளரு. ஒருத்திகூட எறங்கி வர்ல. அவங்கதான் வந்து நின்னாங்க" என்றாள்.

ஃபாதர் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகக் குழிக்குள் மண் போட்டோம். தனம் அக்காவின் முறை வந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இப்போது வாணியம்பாடியில் இட்லிக் கடை போட்டிருப்பவர். கை நிறைய மண்ணை அள்ளி நீட்டினார். விரல்களைத் திறக்க அவருக்கு வரவில்லை. பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். நுஸ்ரத் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். மண் சரிந்து பெட்டியின் மேல் விழுந்தது.

போய் வாருங்கள், அம்மா. நீங்கள் பட்ட வெட்கம் எங்களுடையது. அதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.