சுருளைக் கழற்றிய பிறகும்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. 1938 ஆனி மாதம், தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்து சயன்ஸ் அறையில் நான் கண்ணால் பார்த்தது இது.

நான் அங்கே தற்காலிக வாத்தியார். மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். பலகையில் இரண்டு பித்தளைத் திருகுகள், நடுவே ஒரு கம்பிச் சுருள். வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் கரண்டும் இரண்டு மடங்காக வேண்டும், அவ்வளவுதான். பிசகினால் வேலை நிரந்தரமாகாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வாரமாகப் பிசகிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை, கரண்டை அளக்கும் அம்மீட்டரின் முள் சரியாக நிற்கும். மறு தடவை கூடுதலாகக் காட்டும். திருகுகளில் தினமும் எண்ணெய்ப் பிசுக்கு வேறு.

பியூன் அய்யாக்குட்டி மேல்தான் எனக்குச் சந்தேகம். விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற ஆள்.

“என்னவே, எண்ணெய்க் கையோட இதைத் தொடுதீரா?”

“நான் தொடல சார். சாரல் ஈரம்.”

“சாரல்ல நல்லெண்ணெயா பெய்யுது?”

அவர் திருகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். திருட்டு முழி என்று நினைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

மாலை ஐந்தே முக்கால். வெளியே சாரல். கதவைத் தாழிட்டுத் திருகுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மறுபடியும் கூடுதல்... எரிச்சலில் சுருளையே கழற்றி மேசையில் வைத்தேன்.

இனி கரண்ட் போக வழியில்லை. திருகுகளுக்கு நடுவே வெறும் காற்று.

முள் இறங்கியது. ஆனால் பூஜ்யத்துக்கு வரவில்லை.

தட்டிப் பார்த்தேன். அப்படியே நின்றது.

இன்னொரு பாட்டரி செல்லைச் சேர்த்தேன். இரண்டு மடங்கு. மூன்றாவது செல்... மூன்று மடங்கு.

கணக்குத் துளியும் பிசகவில்லை. ஏதோ ஒன்று அங்கே இருந்தது. இரண்டு திருகுகளையும் பிடித்துக்கொண்டு.

சொட்... சொட்... பலகையில் தண்ணீர். கூரை ஒழுகவில்லை.

நல்லெண்ணெய் வாசனை.

முள் சட்டென்று விழுந்தது. பூஜ்யம்.

விட்டுவிட்டது...

என் தோள் நனைந்தது.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன், எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன், தெரியாது.

மறுநாள் சோதனையைச் செய்தேன். முள் மயிரிழை பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் ஞானதுரைக்குத் திருப்தி. வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். புறப்படும்போது என்னைத் தனியே அழைத்தார்.

“உங்களுக்கு எதிரே நின்ன வாத்தியார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. தலையைத் துவட்டிட்டு வகுப்புக்கு வரணும்.”

எனக்கு எதிரே யாரும் நிற்கவில்லை.

அவர் போன பிறகு அய்யாக்குட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் மெல்லச் சொன்னார்.

“அது பால்வண்ணநாதன் சார். உங்களுக்கு முன்ன இங்கன இருந்தவரு. அவருக்கும் தற்காலிக வேலைதான், இதே சோதனைதான். இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு, நல்ல காரியமாச்சேன்னு எண்ணெய் தேச்சுக் குளிக்க அருவிக்குப் போனாரு. பாறையில கால் வழுக்கிட்டு. சோதனையக் காட்டாமலே போயிட்டாரு.”

அதற்குப் பிறகு முள் ஒருநாளும் பிசகியதில்லை. ஆனால் சோதனை செய்யும்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் நான் யாரையும் நிற்க விடுவதில்லை.