ஒருவழிச் சாலையில் ரிவர்ஸ்

பாலைவனத்துக்குள் நுழைந்ததும் சேனாபதி செய்த முதல் காரியம், காரின் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னதுதான். காற்று உள்ளே வந்தால் ஆடியோ கைடு சரியாகக் கேட்காதாம்.

"சபரி, ஏசியையும் கொஞ்சம் குறைச்சு வை. ஃபேன் இரையுது. இந்தாளு சொல்றது ஒவ்வொண்ணும் முக்கியம்."

"சரிங்க அங்கிள்" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சபரி.

பின்சீட்டில் பிரீத்தி. அவளுக்குப் பக்கத்தில் சேனாபதியின் மனைவி சாந்தாமணி. இருவருக்கும் நடுவில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் அடைத்த கூலர். வெளியே டெத் வேலி என்கிற அந்தப் பாலைவனம், எந்தப் பக்கம் திரும்பினாலும் முடியாமல் கிடந்தது. இத்தனை பெரிய வெளியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதை ஒரு மூடிய கண்ணாடி வழியாக, பக்கத்தில் பெருங்காய வாசனையோடு பார்க்க வேண்டியிருந்தது.

ஆடியோ கைடு என்பது சேனாபதியின் போனில் இருந்த ஒரு ஆப். கார் எங்கே போகிறது என்று அதுவே தெரிந்துகொண்டு, ஒவ்வொரு இடம் வரும்போதும் தானாகப் பேசும். கனத்த அமெரிக்க ஆண்குரல். வலதுபக்கம் பாருங்கள் என்று அந்தக் குரல் சொன்னால், சேனாபதி முதலில் போனில் உள்ள படத்தைப் பார்ப்பார். பிறகு வலதுபக்கம் ஒரு பார்வை. படத்தில் இருக்கும் மலையும் வெளியே நிற்கும் மலையும் ஒத்துப்போனால் "கரெக்ட்" என்பார், மலை ஒழுங்காக வேலைக்கு வந்துவிட்டது என்று வருகைப்பதிவு எடுக்கிறவர் மாதிரி.

காங்கேயம் பக்கத்திலிருந்து காண்டிராக்ட் வேலையில் அமெரிக்கா வந்த மனிதர் அவர். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே கம்பெனி. எத்தனையோ முறை ஆட்குறைப்பு வந்தும் அவர் நாற்காலி மட்டும் அசையவில்லை. அதன் ரகசியத்தை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுவார்: "மேல இருக்கறவன் பேசறப்ப முழுசாக் கேக்கணும். குறுக்க பேசப்படாது." இந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப், பிளசன்டனில் மேட்டின் மேல் வீடு என்று ஏறிவிட்டார். ஆபீஸில் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஊர்க்காரர்களிடம் இறக்கினார். யார் எந்த ஸ்கூல் டிஸ்டிரிக்டில் வீடு வாங்க வேண்டும், யார் குழந்தைக்கு என்ன பெயர், யார் யாரைக் கட்ட வேண்டும், எல்லாம் அவர் வாயால் வர வேண்டும். லிவர்மோர் கோயிலில் விசேஷ நாட்களில் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பார்க்கிங்கில் நின்று கார்களை இப்படிப் போ, அப்படிப் போ என்பார். அவர் முகம் அவ்வளவு நிறைவாக இருந்து பிரீத்தி வேறெப்போதும் பார்த்ததில்லை.

அவர் சொல்லைக் கேட்காத ஒரே ஜீவன் பாஸ்டனில் படிக்கும் அவருடைய மகள். இந்த ட்ரிப்புக்கு அவளையும் கூப்பிட்டார். "ஐ'ம் குட், அப்பா" என்று, வரவில்லை என்பதை அவ்வளவில் முடித்துப் போனை வைத்துவிட்டாள்.

இது ட்ரிப் மட்டும் அல்ல. பிரீத்தியும் சபரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அவர் செய்த ஏற்பாடு. "ரெண்டு நாள் கார்ல போறோம், பேசிப் பழகுங்க. திரும்பி வீடு சேர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிரு கண்ணு. ஞாயித்துக்கெழமை ராத்திரி உங்கப்பாவைப் போன்ல கூப்பிடறேன்னு சொல்லிருக்கேன்" என்றார். சபரி உடுமலைப்பேட்டைக்காரன், குபெர்டினோவில் வேலை, ஜாதகம் பொருந்திவிட்டது. இனி அவள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

பிரீத்தியின் அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். என்ன படிப்பது என்று பள்ளிக்கூட டீச்சர் சொன்னார், படித்தாள். அமெரிக்காவில் எந்த யுனிவர்சிட்டி என்று ஏஜென்ட் சொன்னார், வந்தாள். விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போய் அறை பார்த்துக் கொடுத்தவர் சேனாபதி. அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் "அண்ணன்". போனில் எதைச் சொன்னாலும் அப்பா கேட்கும் அடுத்த கேள்வி, "அண்ணன் என்ன சொன்னாரு?"

கிளம்பி ஒன்றரை நாள் ஆகிவிட்டது. பேசிப் பழகியபாடில்லை. காலையில் சபரி ரியர்வியூ கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "நீங்க புக்ஸ் எல்லாம் படிப்பீங்களா?" என்று ஆரம்பித்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் சேனாபதியின் ஆள்காட்டி விரல் எழும்பியது.

"ஷ்ஷ். இரு தம்பி. போராக்ஸ் சொல்றான்."

போராக்ஸ் என்கிற வெண்காரத்தை எப்படித் தோண்டினார்கள், எத்தனை கோவேறு கழுதைகள் இழுத்தன என்பதையெல்லாம் காரே கேட்டது. குரல் ஓய்ந்தபோது சபரி தான் கேட்டதை மறந்திருந்தான், அல்லது மறந்த மாதிரி இருந்தான்.

மணல்மேட்டுக்கு வந்ததும், இறங்குங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள் என்றது குரல். பிரீத்தி கதவின் மேல் கை வைத்தாள்.

"அதெல்லாம் பொதுவாச் சொல்றதும்மா" என்றார் சேனாபதி. "மண்ணு காருக்குள்ள வந்தா ரென்டல்காரன் சண்டைக்கு வருவான்." கல் பட்டுவிடும் என்று சொந்தக் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வாடகை எஸ்யூவியில் வந்திருந்தார். ஊரில் மணலைப் பார்த்தே வளர்ந்தவளை மணலில் இறக்கவில்லை என்று அழவா முடியும்? கையை எடுத்துக்கொண்டாள்.

பேட்வாட்டர் என்ற உப்புவெளியில் எப்படியோ இறங்கிவிட்டாள். கண்ணுக்கெட்டும் தூரம் வரை உப்பு. காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கியது. பின்னால் சபரியும் வந்தான். இப்போதாவது ஏதாவது பேசுவான் என்று நடையைக் குறைத்தாள். பக்கத்தில் வந்தவன், "செமையா இருக்குல்ல?" என்றான். நல்ல சிரிப்புதான். ஆள் மோசமில்லையோ என்று நினைத்த நேரத்தில் காரிலிருந்து ஹார்ன் அலறியது. சேனாபதி எட்டிப்பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். சபரி அப்படியே திரும்பி ஓட ஆரம்பித்தான்.

"எதுக்குங்க ஓடறீங்க?"

"அங்கிள் கூப்பிடறாருங்க."

உப்பின் மேல் ஓடும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். இவனைப் போய் எப்படிக் கட்டிக்கொள்வது என்று தோன்றியது. கூடவே, இவனை இளக்காரமாகப் பார்க்க எனக்கு என்ன தகுதி என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்பு பிடிக்காததால் வேகமாக நடந்து காரில் ஏறிக்கொண்டாள்.

அடுத்து ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். வண்ண வண்ண மலைகளுக்கு இடையில் ஏறி இறங்கி வளையும் குறுகலான சாலை. ஒருவழிப் பாதை; நுழைந்தால் அந்தக் கோடி வழியாகத்தான் வெளியே வர முடியும். அதைச் சொல்லும் பலகையை சாந்தாமணிகூட வாய்விட்டுப் படித்தாள்.

பாதி தூரம் போயிருப்பார்கள். சேனாபதி போனைத் தட்டினார், உலுக்கினார்.

"நிறுத்து, நிறுத்து. ஒரு டிராக் விட்டுப்போச்சு."

"அங்கிள்?"

"நீ வேகமா வந்துட்ட. அவன் பேசறதுக்குள்ள தாண்டிட்டோம். இந்தா பாரு, பதினாலு பேசாம பதினஞ்சு வந்து நிக்குது."

"போன்ல கையால தட்டுனா ப்ளே ஆகும்ங்க அங்கிள்" என்றாள் பிரீத்தி.

"அப்படிக் கேட்டா அது எதுக்கு? அந்த எடத்துல நின்னு கேக்கணும். சபரி, ரிவர்ஸ் எடு. கொஞ்ச தூரந்தான்."

பின்னால் ஒரு வளைவு. அதற்கப்பால் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சபரி கண்ணாடியைப் பார்த்தான். வழக்கமாக அவளைப் பார்க்கும் கண்ணாடி. இப்போது அதில் அவன் கண்கள் சாலையைத்தான் பார்த்தன. முடியாது அங்கிள் என்று சொல்லு, என்று அவள் மனதுக்குள் அவனைக் கும்பிட்டாள். ஒரே ஒரு முறை சொல்லு. உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.

"சரிங்க அங்கிள்" என்று ரிவர்ஸ் எடுத்தான்.

கார் பின்னோக்கி ஊர்ந்தது. சாந்தாமணி கூலரை அணைத்துக்கொண்டு, "ஏனுங்க, இதென்ன கூத்து" என்றாள். பிரீத்தி மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்தாள். வளைவைத் தொட்டதும் பின்னால் ஒரு பிக்கப் டிரக் முளைத்தது. பிரேக் கிறீச்சிட்டது. இரண்டு வண்டிக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். டிரக்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் தலையை வெளியே நீட்டி, "ஒன் வே! இது ஒன் வே!" என்று கத்தினாள். அதற்கு மேலும் சில வார்த்தைகள் சொன்னாள்.

சேனாபதி குனிந்து போனுக்குள் எதையோ தேடினார். "சாரி சொல்லு தம்பி" என்றார் தலையை நிமிர்த்தாமலே.

சபரி கண்ணாடியை இறக்கி சாரி சொன்னான். இரண்டு தடவை.

டிரக் ஒதுங்கிக் கடந்து போனதும், மலைகள் எல்லா நிறத்திலும் நிற்கும் இடத்தில் ஒரு பார்க்கிங் வந்தது. சபரி அங்கே நிறுத்தினான். சேனாபதி கடைசியில் போனைக் கையால் தட்டி அந்தப் பதினாலைக் கேட்க ஆரம்பித்தார். அப்படித் தட்டலாம் என்று சொன்னவள் யார் என்பது அவருக்கு நினைவில்லை. பிரீத்தி இறங்கினாள். சபரியும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான்.

"ஏங்க ரிவர்ஸ் எடுத்தீங்க?"

"அங்கிள் சொன்னாருல்லங்க."

"தப்புன்னு தெரியாதா?"

"தெரியும்." கொஞ்சம் யோசித்தான். அவன் குரலில் முதல்முறையாக ஒரு சூடு வந்தது. "நீங்களும் பின்னாடிதானங்க இருந்தீங்க. போன்ல தட்டலாம்னீங்க, அவரு வேண்டாம்னதும் நீங்களும் கம்முனு ஆயிட்டீங்க. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை வரலியே."

எதிரே பச்சையும் ரோஜாவும் ஊதாவுமாக மலை நின்றது. இரண்டு நாளாக மனதுக்குள் எல்லோரையும் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டு வந்தவள், ஆபத்து வந்தபோது கைப்பிடியைத்தான் பிடித்தாள். அவன் முதுகை இளக்காரமாகப் பார்த்தது அவள் முதுகையும் சேர்த்துத்தான்.

"ஆமாங்க. சொல்லலை" என்றாள். "அதனாலதான் கேக்கறேன். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா, அந்த வீட்டுல யாருங்க வேண்டாம்னு சொல்றது?"

அவன் ஷூவால் சரளைக்கல்லைக் கிளறினான்.

"அப்ப, வேண்டாங்கறீங்க."

"வேண்டாங்க."

"சரிங்க" என்றான். அங்கிளிடம் சொல்லும் அதே சரிங்க. பிறகு காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரொம்பக் கவலையாகக் கேட்டான்: "அங்கிள்கிட்ட யாருங்க சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரை நோக்கி நடந்தாள்.

சேனாபதி விரலை உயர்த்தினார். மலைக்கு அந்த நிறங்கள் எப்படி வந்தன என்று குரல் விளக்கிக்கொண்டிருந்தது. மலை முன்கண்ணாடி முழுக்க நிறைந்திருக்க, அவர் போனில் மலையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரீத்தி கதவைப் பிடித்தபடி நின்றாள். குரல் முடியும்வரை தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது, அது முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அங்கிள், எனக்குச் சபரி வேண்டாங்க."

"என்ன கண்ணு இது. பழகுனாத்தான தெரியும். நான் வீடு போய்ச் சேந்ததும் உங்கப்பாகிட்ட பக்குவமா..."

"நீங்க பேச வேண்டாங்க. நானே பேசிக்கறேன்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் குடுக்கலைங்களே."

அவர் சாந்தாமணியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? நல்லதுக்குச் சொன்னாக் காதுலயே வாங்கறதில்ல."

"எனக்கென்ன தெரியும். நீங்கதான கூட்டியாந்தீங்க" என்றாள் சாந்தாமணி.

திரும்பிப் போக வேறு கார் கிடையாது. நால்வரும் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு எட்டு மணி நேரம். நான் ஓட்டட்டுமா என்று பிரீத்தி கேட்டாள். வாடகைக் கார் பேப்பரில் உன் பெயர் இல்லை என்றார் சேனாபதி. சபரி கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினான். பதினைந்தாவது டிராக் தொடங்கியது.

அவள் போனில் சிக்னல் இல்லை. மலையைத் தாண்டினால் வரும். அதற்குள் சேனாபதியின் போனிலும் வந்துவிடும். அப்பாவிடம் அவர் பக்குவமாகப் பேசுவதற்கு முன் அவள் சொல்லியாக வேண்டும். இப்போதே பதிந்துவைத்தால் சிக்னல் வந்த கணமே போய்விடும். வாட்ஸ்அப்பில் அப்பாவின் பெயரைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்து, வாய்க்கு அருகே கொண்டுவந்தாள்.

"அப்பா, பிரீத்தி பேசறேன். அந்தப் பையன் எனக்கு வேண்டாம்ப்பா..."

முன்சீட்டில் விரல் எழும்பியது. "ஷ்ஷ்."

"...யாரும் சொல்லிக் குடுக்கலப்பா" என்று அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். "நானா யோசிச்சுச் சொல்றேன். அண்ணன் என்ன சொன்னாருன்னு கேக்காதீங்க. என்ன கேக்கணுமோ அதை என்னைக் கேளுங்க."