வாசிக்காத மூன்றாம் ஓலை

குருநகரில் ஓட்டோ ஓடுகிற பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ஏறுகிறவர்களோடு சிரித்துக் கதைப்பாள். மற்றவள் யோசப்பின். பின்சீற்றில் இருந்து கைத்தொலைபேசியில் கத்திக்கொண்டு வந்த ஒரு கனவானை ஆஸ்பத்திரி வீதியில் இறக்கி, ஆறுதலாகக் கதைத்து முடித்துவிட்டு நடந்து போங்கோ என்று சொல்லிவிட்டுப் போனவள்.

வயது ஐம்பத்துமூன்று. புருசன் பேதுரு வன்னிப் போரில் செல் விழுந்து செத்தான். முகாமிலிருந்து ஒரு மகளோடும் ஒரு தகரப் பெட்டியோடும் ஊர் திரும்பி, நண்டுக் கம்பனியில் பல வருசம் நண்டு உடைத்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தால் கண்ணீர் வருகிற நிலை வந்ததும், நாற்பத்தாறு வயதில் ஓட்டோ பழகினாள். பழகின முதல் கிழமையே ஒரு வாழைப்பழக் கடைக்குள் கொண்டுபோய் விட்டாள். கடைக்காரன் ஏச வாய் திறக்க முதல் இவள் ஏசத் தொடங்கிவிட்டாள். ஆள் அப்படி. அவளிடம் ஒரு நன்மை செய்தால் மறந்தாலும் மறப்பாள், ஒரு கெடுதல் செய்தால் செத்தாலும் மறக்கமாட்டாள்.

அப்படி ஒரு கெடுதல் இந்த வைகாசியில் வந்தது. மகள் லவீனாவுக்குப் பாசையூர்ப் பெடியன் ஒருவனைப் பேசியிருந்தார்கள், பிரான்சில் இருக்கிறவன். வேதக்காரர் கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கலியாணம், இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சுவாமிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண்ணுக்கு வலிப்பு, முகாமில் மூன்று தரம் வந்தது, கைக்குள் திறப்புக்கோர்வையை, சாவிக்கொத்தைத் திணித்துத்தான் நிற்பாட்டினார்கள் என்று எழுதியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கடிதத்தைக் காட்டிக் கலியாணம் வேண்டாமென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சுவாமி மற்றச் சோடிகளின் பெயர்களை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினார். லவீனா எழும்பி வெளியே போனாள். பிறகு அவள் கோயில் பக்கம் போகவில்லை, தையல்கடை வேலையையும் விட்டுவிட்டாள். செல்லடிக்குள் நித்திரையில்லாமல் கிடந்து வந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு முகாமில் வந்த வலிப்பு அது. பதினாறு வருசமாக ஒருநாளும் திரும்பி வரவில்லை. அதையா எழுதுவது? கை புழுத்துப் போகாதா என்று யோசப்பின் இரவு பகலாகத் திட்டினாள். ஆனால் யாரைத் திட்டுகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

திறப்புக்கோர்வை விசயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். வன்னியில் பழகி, முகாமில் ஒரே கூடாரத்தில் கிடந்து, ஒரே பானையில் சோறு தின்று, பிறகு ஒரே மேசையில் நண்டு உடைத்த சிநேகிதிகள், ஜெசிதாவும் செபமலரும். இரண்டில் ஒருத்தி. மூன்று மாதம் யோசப்பின் இருவரோடும் பழையபடி சிரித்தாள், கருவாடு மாற்றினாள், தலை வாரிவிட்டாள். 

கரையோரச் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. களவோ பொய்யோ தீராவிட்டால் ஆளைக் காட்டுக்குள் இருக்கிற மடுக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதாவுக்கு முன்னால் சத்தியம் பண்ண வைப்பார்கள். கோட்டில் நீதவானுக்கு முன்னால் கூசாமல் பொய் சொல்லுகிறவனுக்கும் மடுவில் நாக்குப் புரளாது. ஆவணித் திருநாளுக்கு என்ரை ஓட்டோவிலேயே போவம் என்று யோசப்பின் கேட்டதும் இரண்டு பேரும் துள்ளிக்கொண்டு வந்தார்கள்.

விடியக் காலையில் வெளிக்கிட்டார்கள். செபமலர் ஒரு மாதத்துக்குக் குடிபோகிற மாதிரி சாமான் ஏற்றினாள். மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு சட்டி, பாய், அரிசி, காலில் கயிறு கட்டின நேர்த்திக்கடன் சேவல். நாவற்குழி தாண்ட முதல் ஜெசிதா இரண்டு தரம் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தாள். சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்று ஓட்டோவைப் பிடித்து உலுப்பியது. பாய் பறந்து கடலுக்குள் போனது. பாயைப் பிடிக்க எட்டின செபமலர் சேவலை விட்டுவிட்டாள். நடுப்பாலத்தில் ஓட்டோவை நிற்பாட்டி, ஐம்பது தாண்டின மூன்று பொம்பிளைகள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேவலைத் துரத்தினார்கள். பின்னால் பஸ்காரன் கோன் அடித்துக்கொண்டே நின்றான். யோசப்பின் அவனுக்குச் சொன்னது எழுத்தில் வராது.

பூநகரியில் பின்ரயர் காற்றுப் போனது. சில்லைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், யோசப்பின் விசயத்தை எடுத்தாள்.

"மாதாவுக்கு முன்னாலை ரெண்டு பேரும் சத்தியம் பண்ணவேணும். அந்தக் கடிதத்தை எழுதவுமில்லை, எழுதினவளைத் தெரியவுமில்லை எண்டு."

ஜெசிதா, அதுக்கென்ன, பண்ணினால் போச்சு என்றாள். செபமலருக்கு முகம் வெளிறிவிட்டது. சத்தியம் பண்ணுவது பாவம் என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னவர் என்றாள். தலை சுத்துது, திரும்பிப் போவம் என்றாள். முழங்காவில் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் ஒன்றுக்குப் போக இறங்கினாள், ஒருதரம் இறங்கின இடத்தில் சீலைத் தலைப்பில் முடிந்திருந்த செபமாலையைத் தொலைத்துவிட்டேன் என்று பற்றைக்குள் அரை மணித்தியாலம் தேடினாள்.

யோசப்பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓ, நீதானா? உன்ரை பிள்ளைப்பேற்றுக்கு மருந்தரைத்துத் தந்தவளடி நான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, றோட்டில் இருந்த பள்ளம் கிடங்கு ஒன்றையும் விடாமல் ஓட்டோவை இறக்கினாள். ஒவ்வொரு கிடங்குக்கும் செபமலரின் தலை மேற்கம்பியில் இடித்தது. யோசப்பினுக்கு அது மெத்தச் சந்தோசமாக இருந்தது.

வெள்ளாங்குளம் தாண்டி, இரண்டு பக்கமும் காடு. ஓட்டோவை ஓரமாக நிற்பாட்டி, அடுப்பையும் சட்டியையும் எடுத்து வெளியே வைத்தாள். செபமலரை இறங்கச் சொன்னாள். யானை வந்தால் யானையோடு போ, பஸ் வந்தால் பஸ்ஸோடு போ என்றாள். செபமலர் சேவலைக் கட்டிப்பிடித்தபடி அழுதாளே தவிர, நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் ஜெசிதா வாய் திறந்தாள்.

"அவளை ஏத்து. எழுதினது நான். இவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

யோசப்பின் திரும்பினாள். சாமானோடு கிடந்த, சில்லுக் கழற்றுகிற இரும்பைக் கையில் எடுத்திருந்தாள். அடிக்கத்தான் நினைத்தாள், அது உண்மை.

ஜெசிதா அசையவில்லை. ஓலை வாசித்த இரண்டு ஞாயிறும் சுவாமி கேட்டவர், விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. தெரிந்துகொண்டு மறைத்தால் சாவான பாவம் என்று பயந்து இரண்டு ஞாயிறும் நற்கருணை எடுக்காமல் இருந்தேன், மாதாவுக்கு முன்னாலும் இதையே சொல்லுவேன் என்றாள்.

"வலிப்பு விக்கினமெண்டு எந்தச் சுவாமியடி உனக்குச் சொன்னவர்? அப்பிடியெண்டால் ஏன் அவரிட்டைப் போய்ச் சொல்லேல்லை? ஏன் பெயர் போடேல்லை?"

"பெயர் போட்டால் நீ என்னோடை கதைக்கமாட்டாய்," என்றாள் ஜெசிதா. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "என்னைச் சபிச்சுப் போடாதை, யோசப்பின். வாற ஞாயிறு என்ரை பெடியன்ரை முதல் ஓலை."

யோசப்பினின் கை இறங்கியது. இரும்பைச் சீற்றுக்குக் கீழே வைத்தாள்.

ஜெசிதாவுடைய பெடியன் எமில்ராஜ். வன்னியில், பிள்ளைகளைப் போருக்கு இழுத்துக்கொண்டு போன நாளில், கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்று, வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு பெண்பிள்ளையோடு அவசர அவசரமாக எழுத்து எழுதி, கலியாணத்தைப் பதிந்தார்கள். அந்தப் பிள்ளை பிறகு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனது. எழுத்தை ஒருவரும் சட்டப்படி வெட்டவில்லை. எழுதினபோது சாட்சிக் கையெழுத்து வைத்தவளே யோசப்பின்தான். இத்தனை வருசம் அவள் அதை ஒரு குருவியிடமும் சொன்னதில்லை, சொல்ல நினைத்ததுமில்லை.

சாமான்களைத் திரும்ப ஏற்றினாள். மடுவுக்குப் போனார்கள். சேவலைக் கொடுத்தார்கள், சமைத்துத் தின்றார்கள், திருநாள் முடிய ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் யோசப்பின் ஒரு சொல் ஏசவில்லை. ஜெசிதாவுக்கு அது மன்னிப்பாகப் பட்டிருக்கவேண்டும். இறங்கும்போது கையைப் பிடித்து, ஞாயிறு கோயிலுக்கு வா என்றாள்.

"ஓம், வாறன்," என்றாள் யோசப்பின்.

போனாள். வழக்கமாகக் கடைசி மர வாங்கில் குந்துகிறவள் அன்று முன்வாங்கில் இருந்தாள். சுவாமி கொப்பியைத் திறந்து எமில்ராஜின் பெயரை வாசித்தார், பெண்ணின் பெயரை வாசித்தார். விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் என்று அவர் தொடங்க, யோசப்பின் எழும்பினாள். பக்கத்தில் இருந்த செபமலர் சீலையைப் பிடித்து இழுத்தாள். யோசப்பின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சுவாமி, எனக்குத் தெரியும். உந்தப் பெடியன் வன்னியிலை எழுத்து எழுதினவன். அது இன்னும் வெட்டேல்லை. சாட்சிக்குக் கையெழுத்து வைச்சது நான். பேதுருவின்ரை பெண்சாதி யோசப்பின். பெயரையும் எழுதிக்கொள்ளுங்கோ."

ஜெசிதா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் இருந்தாள். யோசப்பின் திரும்பி அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தாள். சுவாமி இரண்டு தரம் வாங்கில் இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.