கம்பெனி மாப்பிள்ளையும் சாத்தாத கதவும்

தொண்ணூற்றொன்று தை மாதத்தில் ஒருநாள் முழுக்க நான் ராஜாவாக இருந்தேன். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தூரத்து மாமா ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசக்காலும் கதவும் என் வேலை. வாசக்கால் நிறுத்துகிற அன்று எங்கள் பக்கத்தில் தச்சனுக்குக் கிடைக்கும் மரியாதை கல்யாண மாப்பிள்ளைக்கும் கிடைக்காது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, தட்டில் வேட்டி துண்டு, வெற்றிலைமேல் பணம். "ராசியான கை மேஸ்திரி உங்களுது" என்று மாமா கும்பிட்டார். தட்டை எடுத்துவந்து நீட்டியவள் அவர் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிறுகிறுப்பு அடங்குவதற்குள் அப்பாவைப் பெண் கேட்க அனுப்பிவிட்டேன். எங்களுடையது ஏர் பிடித்த குடும்பம். உளி பிடித்தவன் நான் ஒருத்தன்தான். அவள் எனக்குக் கட்டிக்கொள்ளும் முறைதான். மாமா காபி கொடுத்து உபசரித்துவிட்டுக் கேட்டார்: "பையன் நல்ல பையன்தான். ஆனா கம்பெனில எங்கனா கீறானா?"

"டெய்லி எழுபது ரூபா கூலி வாங்குறாம்பா" என்றார் அப்பா.

"கூலிதானே" என்றார் மாமா.

இத்தனைக்கும் என் காலில் விழுந்து கும்பிடாத குறையாக நின்ற மனிதர் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசக்காலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் பெண் அந்த வீட்டுக்குள் அல்லவா இருந்தாள்.

அடுத்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பேக்கிங் செக்‌ஷன். சரக்கு அனுப்பும் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்க வேண்டும். போய்ச் சேரும் ஊரில் கடப்பாரையால் உடைக்கப்போகும் பெட்டி. முதல் நாள் பழக்கதோஷத்தில் ஒரு பலகையின் ஓரத்தை இழைத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாயா பண்ற? தேரா செய்யறே? லைன் நிக்குது, ஆணி அட்ச்சுகினே இரு."

சம்பளம் மாதம் எழுநூறு. பத்து நாள் கூலி. மீதி நாளெல்லாம் அந்தக் கம்பெனிக்கு நான் தருமத்துக்கு ஆணி அடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீலச் சட்டை இருந்தது, கழுத்தில் தொங்க அட்டை இருந்தது, ஊர் எல்லையில் வந்து ஹாரன் அடிக்கும் பஸ் இருந்தது. ஆவணியில் கல்யாணம் ஆனது. பத்திரிகையில் என் பெயரைவிடக் கம்பெனியின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார் மாமா.

தலைதீபாவளிக்குப் போனோம். மூன்று நாளாக விடாத மழை. தெருக்கதவு ஊறிப்போய்ச் சாத்த வரவில்லை. நான் செய்த கதவுதான். "மரம் காயட்டும் மாமா" என்று அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று ஈர மரத்தையே என்னிடம் தள்ளிவிட்டார். திறந்து கிடந்த கதவு வழியாக நாய் வந்து ஒரு தட்டு அதிரசத்தைத் தின்றுவிட்டுப் போனது. நான் எழுந்து கதவைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஐயய்யோ, நீங்க போய் இதெல்லாம் செய்யறதா? கம்பெனி மாப்ள!" என்று என்னை உட்காரவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான படப்பைக்குத் தச்சனைத் தேடிப் போனார் மாமா. நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தார்.

"அந்தப் பையனும் கம்பெனில சேந்துட்டானாம். பொண்ணு பாக்கறாங்களாம். இனிமே உளிய தொடமாட்டானாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி வாசலில் வந்து நின்ற நாயையும் என்னையும் மாமா மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பரணிலிருந்து ஒரு பழைய இழைப்புளியை எடுத்து, யாரும் பார்க்காமல் என் கையில் திணித்தார்.

சிக்கல் என்னவென்றால், தெருக்கதவைக் கழற்றிவிட்டால் தெருவுக்கு மறைப்பு ஏது? மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு பழைய புடவையை வாசலின் குறுக்கே பிடித்து, ஒரு முனையில் அவரும் மறுமுனையில் என் மனைவியுமாக நின்றார்கள். நான் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இழைத்தேன். ஈரச் சீவல் சுருண்டு விழுந்தபோது ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். எட்டு மாதம் கழித்து மரத்தின் வாசனை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது எவ்ளோ நல்லா வருது உங்களுக்கு. அப்புறம் ஏன் கம்பெனிக்குப் போனீங்க?"

"உன்னக் கட்டிக்கத்தான். உங்கப்பா கேட்டாரே."

"அவரு கேட்டாரு. என்னை யாரு கேட்டீங்க? தட்டு குடுத்த அன்னிக்கே மேஸ்திரிய கட்டிக்கலாம்னு நெனச்சுகினு இருந்தேன். தாலி கட்ட வந்தது ஆணி அடிக்கிறவரு."

சொல்லிவிட்டுத் தன் முனையை விட்டுவிட்டாள்.

பாதிப் புடவையைப் பிடித்தபடி மாமா நின்றார். மழைக்கு எதிர்வீட்டுக் கூரையடியில் ஒதுங்கியிருந்த நாலைந்து பேரும், கதவின்மேல் குனிந்திருந்த கம்பெனி மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "மேஸ்திரி, முட்ச்சுட்டு அப்டியே நம்ம வூட்டு கதவையும் வந்து பாரு. அதுவும் சாத்த மாட்டேங்குது."

அந்த மழைக்கு அந்தத் தெருவில் ஒரு கதவும் சாத்தவில்லை. லீவு முடிந்த அன்று, அந்த ஊர் வழியாகவும் போகும் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தபோது நான் மூன்றாவது வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஹாரன் மறுபடி அடித்தது. நான் நிமிரவில்லை.

மாமா மட்டும் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. யார் கேட்டாலும், "மாப்ள கம்பெனிதான். இப்ப லீவுல கீறாரு" என்பார்.