விலக்கில் நின்ற சைக்கிள்

வேலுத்தாய் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்திரண்டாவது வயதில். மகள் ஓவியாவுக்குப் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. அவள் நர்சிங் படிக்க மதுரைக்குப் போன பிறகு சுவரோரம் சும்மா நின்றது. வேலுத்தாய் அதை வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் உருட்டிக்கொண்டு போய், ஊர் சிரிக்கச் சிரிக்க விழுந்து எழுந்து, பத்தே நாளில் ஓட்டிவிட்டாள். அதுவரை, விடியுமுன் வேலைக்கு ஆள் ஏற்ற வரும் வேனுக்குப் பயந்து அரைவேக்காட்டுச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு ஓடிய பெண் அவள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு என்று வந்த ஒரே சுதந்திரம் அந்தச் சைக்கிள்தான். ஏழு கிலோமீட்டரையும் யாருக்கும் காத்திராமல் மிதித்துக்கொண்டு போனாள்.

வேலை பார்த்தது வெம்பக்கோட்டைப் பக்கம், கருவேலங்காட்டுக்குள் ஒளிந்து கிடந்த ஒரு தகரக் கொட்டகையில். பெயர்ப்பலகை கிடையாது, லைசென்சும் கிடையாது. சரவெடி பின்னுகிற பெண்கள் பன்னிரண்டு பேர். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் வாசலில் நிற்கும் சைக்கிளை எண்ணியே உள்ளே எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் போர்மேன் சீனிச்சாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். சைக்கிளையெல்லாம் ஒரு கிலோமீட்டர் தள்ளி, காட்டுப்பாதை பிரிகிற ரோட்டு விலக்கில் பஸ் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு நடந்துதான் வரவேண்டும். காக்கிச் சட்டையோ பைல் தூக்கிய அதிகாரியோ கண்ணில் பட்டால் என்ன சொல்லவேண்டும் என்றும் பாடம் நடத்தியிருந்தார். சைக்கிள் எங்களுடையது இல்லை, களையெடுக்க வந்தோம். புதிதாக வருகிறவளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார். வெடிமருந்தை எப்படித் தொடவேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் விலக்குக்கு வந்தபோது, டவுன் பஸ் ஒன்று திரும்புவதற்காகப் ரிவர்ஸில் வந்து வேலுத்தாயின் சைக்கிள் மேல் ஏறி நின்றது. முன்சக்கரம் முறுக்கிக்கொண்டு, பிரேமே வளைந்து போயிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வழியாக வந்த ஏட்டு ஒருவர் தன் வண்டியை நிறுத்தி நோட்டை எடுத்தார்.

"இது யாரு சைக்கிள்மா?"

வேலுத்தாயின் கைகள் தானாக முந்தானைக்குள் போயின. விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி அப்பியிருந்தது.

"தெரியலையே சார். நாங்க களையெடுத்துட்டு வாரோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் சைக்கிளையே தெரியாது என்றுவிட்டது அவளுக்கு உறைத்தது. வருஷக்கணக்காகப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. திருத்திச் சொன்னால் ஏட்டு அடுத்த கேள்வி கேட்பார், அது கொட்டகையில் போய் நிற்கும். மற்ற பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் போன பிறகு சைக்கிளை அரைக்கிலோமீட்டர் தூக்கியும் இழுத்தும் பார்த்துவிட்டு, முடியாமல் ஒரு லோடு ஆட்டோவைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தாள். சைக்கிள் கடைக்காரர் ஒரே பார்வை பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் டிப்போவுக்குப் போனாள். மேலாளர் உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்டக்டர் எழுதிக் கொடுத்திருந்த தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். கேட்பாரற்று நின்ற பழைய சைக்கிள், ஏட்டு விசாரித்தும் யாரும் உரிமை கோரவில்லை. தன் சைக்கிள் என்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார், வாங்கிய பில் இருக்கிறதா என்றும் கேட்டார். இலவசச் சைக்கிளுக்குப் பில் ஏது? கடைசியில் மனிதர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். பார்த்த சாட்சி ஒருவர், வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம், இந்த இரண்டும் இருந்தால் மேலே எழுதி நஷ்டஈடு வாங்கித் தர முயற்சி செய்வதாகச் சொன்னார்.

கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னும் மாரிசெல்வியிடம் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டாள். வேலை போனால் பிள்ளைகள் கதி என்ன என்று அவள் அழுதாள். அவள்மேல் கோபப்படவும் வேலுத்தாயால் முடியவில்லை. மறுநாள் ஏழு கிலோமீட்டரும் நடந்து, முக்கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சீனிச்சாமி முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் இங்கன வேலை பாக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா நாளைக்கே சீல் வச்சிருவான். பன்னெண்டு குடும்பத்துச் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாக்கியா? ஒரு ஓட்டச் சைக்கிளுக்கு?"

ஓட்டைச் சைக்கிள் என்றதும் வேலுத்தாய்க்கு ஆத்திரம் வந்தது. அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள் அன்று பேசினாள்.

"அப்ப உள்ள வெடிச்சு நான் கருகிக் கெடந்தாலும், இவ யாருன்னே தெரியாதுன்னுதான் சொல்லுவீகளா?"

சீனிச்சாமி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வெடிகளைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை, பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

"தீவாளி சீசன் நேரம். நின்னு பேசிக்கிட்டிருக்காத, உள்ள போ" என்றார்.

வேலுத்தாய் உள்ளே போய், மாரிசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள்.