ஸ்பீக்கர் அக்கா

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்த பிறகுதான் அக்கா தண்ணீர் பாட்டிலையே திறப்பார். காப்பீட்டு நிறுவனத்தின் காத்திருப்பு இசை மனநல கிளினிக்கின் முன்னறை முழுக்கப் பரவும். இடையிடையே ஒரு தேன் குரல், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’ என்று உருகும். “அப்படியா கண்ணு” என்பார் அக்கா, நிமிராமலே.

நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருக்குமே, ஹெட்போன் வாங்கித் தரட்டுமா என்று டாக்டர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

“கேக்கட்டும் டாக்டர். இவங்க கட்டின பணத்துலதானே இந்தப் பாட்டு ஓடுது.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்பீக்கர் அக்கா என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சுவரோரம் காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இப்போது அந்த மெட்டு மனப்பாடம்.

சம்பளப் பட்டியலில் அவர் வரவேற்பாளர். உண்மையில் செய்வது, ஒரு காப்பீடு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் ஆட்கள் விழாமல் பிடிக்கிற வேலை. வேலை மாறப்போகிறேன் என்று யாராவது வாயெடுத்தால் போதும், பழைய காப்பீடு உயிரோடு இருக்கும்போதே மருந்தை வாங்க வைத்துவிடுவார். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கு நிற்பார். மருந்து கம்பெனிகளின் இலவச மருந்து உதவித் திட்டக்காரர்கள் இவர் எண்ணைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார்களாம். கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். மேசையில் கடிபடாத மூடி ஒன்றுகூட இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். ‘தம்பி’ போய் ‘ராஜா’ வந்துவிட்டால் டாக்டரே கதவைச் சாத்திக்கொள்வார்.

போன வாரம், இங்கே வழக்கமாக வரும் ஒரு பஸ் டிரைவரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்தார். பஸ் கம்பெனி கைமாறியதில் பழைய காப்பீடு போய்விட்டது. புது முதலாளியுடையது தொடங்க இன்னும் சில மாதம் ஆகும். வெட்கப்பட்டுக்கொண்டு மனுஷன் இங்கே மூச்சே விடவில்லை. இருக்கிற மாத்திரையை உடைத்து, தினம் பாதியாக விழுங்கி, அதுவரை இழுத்துவிடலாம் என்று தானே முடிவு செய்திருக்கிறார். தூக்கம் போயிற்று. முந்தாநாள் சமையலறையில் உட்கார்ந்து, தான் இல்லாவிட்டால் வீட்டில் செலவாவது குறையும் என்று சொன்னாராம். அதை மனைவிதான் சொன்னார், பிடித்த கையை விடாமலே.

“ஏன் அண்ணா, டீசல் மிச்சம் பிடிக்கிற மாதிரி இதையுமா மிச்சம் பிடிப்பீங்க?” என்றார் அக்கா.

“உங்களுக்கு எதுக்கு வீண் தொல்லைன்னுதான்மா.”

அக்கா ஒரு மூடியைக் கடித்தார். எழுந்து, டாக்டரின் கதவைத் தட்டாமலே திறந்து, அடுத்து இவரைத்தான் பார்க்க வேண்டும், கட்டணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். டாக்டர் டிரைவரை உள்ளே கூப்பிட்டார். மனைவியையும் கூடவே உள்ளே அனுப்பிவிட்டு, அக்கா புதுக் காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணை அழுத்தினார். பாட்டு ஓடியது. தேன் குரல் உருகியது. கடைசியில் மனிதக் குரல் ஒன்று வந்து, முன்கூட்டியே தொடங்க விதியில் இடமில்லை என்றது. நிலைமை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவசரச் செலவு என்று பரிசீலிக்கலாம். மாத்திரைக்கும் ஆலோசனைக்கும் வழியே இல்லை.

“சரி தம்பி. ஆள் விழுந்தா காசு குடுப்பீங்க. விழாம பிடிச்சா குடுக்க மாட்டீங்க.” குரல் இன்னும் இறங்கியது. “அப்படித்தானே ராஜா?”

மறுமுனை தடுமாறி, மேலதிகாரிக்கு இணைக்கிறேன் என்றது. மறுபடி பாட்டு.

டிரைவர் வெளியே வந்தபோது கையில் டாக்டரின் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த சாம்பிள் மாத்திரை அட்டைகள். அது தீர்வதற்குள் அக்கா வேறு வழி கண்டுபிடித்தாக வேண்டும். டிரைவர் சட்டைப்பையைத் துழாவி, காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். அத்தனையும் பாதி மாத்திரைகள்.

“இதையும் சேத்துக்கிட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடலாம்மா.”

அக்கா அந்தத் துண்டுகளை ஒரு கையில் அள்ளி இறுக்க மூடிக்கொண்டார். மறு கையால், இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார்.